கால் தாங்குமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசாஹ் வழியாகக் கோலா மு பக்கம் போகும் மண்சடக்கில் ஓடைகளைக் கடந்தாக வேண்டும். அடைமழை விட்ட மறுநாள் காலை, ஓராங் அஸ்லிப் பழங்குடியினரான தெமியார்களின் கிராமம் ஒன்றுக்கு அரிசி மூட்டைகளும் பள்ளிப் பைகளும் ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டிகளில் போனோம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. அடியில் கிடப்பது மணலா கல்லா என்று தெரியவில்லை. முன்னால் போன நண்பரின் ஹைலக்ஸ், இடப்பக்க முன்சக்கரத்தால் ஒரு கருங்கல் குண்டின்மேல் ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு பக்கவாட்டில் வழுக்கியது. ஒரு சாண் உயரம்தான் இருக்கும். சக்கரம் தண்ணீரில் தொங்க, வண்டியின் இடப்பக்கப் பாரம் முழுவதும் கதவுக்குக் கீழே ஓடிய இரும்புக் குழாய்மேல் இறங்கியது.

அந்தக் குழாயை ராக் ஸ்லைடர் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். இழுவைக் கயிறு போட்டுக் கரையேற்றிப் பார்த்தபோது குழாயில் சாயம் உரிந்திருந்தது, ஒரு நசுங்கல்கூட இல்லை. அதைப் பிடித்திருந்த கால்கள் இரண்டும் மேல்நோக்கி மடங்கிக் கிடந்தன. குழாய் அப்படியே எழும்பிக் கதவடி விளிம்பை உள்ளே தள்ளியிருந்தது. முன்கதவு திறக்கவில்லை, உள்ளே இருந்த ஆசிரியை ஓட்டுநர் பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தார். கல் நேராக விளிம்பில் பட்டிருந்தால் ஓரிடம் நசுங்கியிருக்கும். குழாய் இருந்ததால் நசுங்கல் முக்கால் மீட்டர் நீளத்துக்குப் பரவியது.

அந்த நாளுக்குப் பிறகு ஈப்போவிலும் சுற்றுப்புறத்திலும் ஸ்லைடர் என்ற பெயரில் விற்பதையும், பட்டறைகளில் அடித்துக் கொடுப்பதையும் குனிந்து, படுத்து, அளவெடுத்துப் பார்த்துவருகிறேன். வாங்க வருபவர்கள் எல்லாரும் ஒன்றையே செய்கிறார்கள். குழாயை விரல் கணுவால் தட்டி, "எத்தனை மில்லி கனம் அண்ணே?" என்று கேட்கிறார்கள். நண்பரும் அதைத்தான் கேட்டிருந்தார், கடைக்காரர் சொன்ன கனமும் பொய்யில்லை. கேள்விதான் தவறான இடத்தில் விழுந்தது.

இந்தப் பொருள் ஏன் வேண்டும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரையின் லேண்ட் ரோவரை ஓட்டியவர். அந்த வண்டி உலகுக்கு முதன்முதலாகக் காட்டப்பட்டது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் அதன் அருகிலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. பிறகு பால்மரக் காட்டுக்குள் போலீசும் படையும் போன வண்டிகளில் லேண்ட் ரோவருக்கு முக்கிய இடம் உண்டு. அந்தப் பழைய லேண்ட் ரோவரில் கதவுக்குக் கீழே இருந்தது போல்ட் போட்டு மாட்டிய ஒரு வெறும் தகடு. வண்டியின் பாரத்தை அது சுமக்கவில்லை. மரக்குற்றியில் இடித்தால் அப்பா அதைக் கழற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டிவிடுவார். அவருக்கு ஸ்லைடர் தேவைப்படவில்லை.

இன்றைய பிக்கப் வேறு மாதிரி. அடியில் ஏணிபோன்ற சேசிஸ் இருந்தாலும், மேலே உட்காரும் கேபினின் கதவடி விளிம்பு பல தகடுகளைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்து மூடிய பெட்டி. கதவுத் தூண்கள் அதில்தான் ஊன்றி நிற்கின்றன. பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அது நசுங்கினால் கழற்றித் தட்ட முடியாது. வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தாக வேண்டும். உள்ளே ஏறிய ஈரம் பல ஆண்டுகள் கழித்துத் துருவாக வெளிவரும். ஆகவே ஸ்லைடருக்கு ஒரே வேலைதான்: கல்லோ கட்டையோ அந்த விளிம்பைத் தொடாமல் தடுத்து, வண்டியின் பாரத்தைச் சேசிஸுக்குக் கடத்த வேண்டும். காலை வைத்து ஏறுவதற்காகச் செய்த சைட் ஸ்டெப் ஒரு மனிதரின் எடையைச் சுமந்தால் போதும். ஸ்லைடர் வண்டியில் பாதியைச் சுமக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கறுப்புச் சாயத்தில், ஒரே வடிவத்தில் தொங்குவதால் குழப்பம் வருகிறது. அந்தக் குழப்பத்தை விற்பனையும் வளர்க்கிறது.

ராக் ஸ்லைடர் அமெரிக்கப் பாறைத் தடங்களில் பிறந்து வளர்ந்த பொருள். ஜீப் ரேங்லர் ரூபிக்கான் வகையின் 2003 மாடல் தொழிற்சாலையிலேயே பக்கக் காப்புடன் வந்தது. அங்குள்ளவர்கள் காய்ந்த பாறையில் அங்குலம் அங்குலமாக ஊர்கிறார்கள். வண்டி ஸ்லைடர்மேல் உட்கார்ந்து மெதுவாகச் சறுக்கி இறங்குவது அங்கே அன்றாடம் நடப்பது. பேராக்கில் நமக்கு வாய்ப்பது வேறு. மலையடிவார ஓடைகளில் உருண்ட கருங்கல் குண்டுகள் சேற்றுத் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த தோட்டங்களில் டிராக்டர் உழுத தடங்களுக்கு நடுவே மண் மேடாக எழும்பி நிற்கும். பால் லோரி போன பழைய சடக்குகளில் வடிகால்மேல் மரக்கட்டைகளைப் போட்டுப் பாலம் என்பார்கள். ஈரத்தில் சக்கரம் கட்டையிலிருந்து நழுவும். இந்த மூன்றிலும் பாரம் மெதுவாக ஏறாது, சட்டென்று விழும். நம்மூர் ஸ்லைடரைப் பற்றிய தீர்ப்பு இந்தச் "சட்டென்று" என்ற சொல்லில் தொடங்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள பிக்கப் ஒன்று பக்கவாட்டில் ஸ்லைடர்மேல் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் 1,000 கிலோ இறங்கும். குழாயின் நடுக்கோட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை வண்டிகளில் இது நடப்பிலுள்ள தூரம்தான். கல், ஒரு காலுக்கு நேர்கீழே பட்டதாகவும் வைப்போம். கடைகளில் அதிகம் காணும் 48 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயால் அந்தக் கால் செய்யப்பட்டிருந்தால், சேசிஸை ஒட்டிய இடத்தில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 52 கிலோ அழுத்தம் வரும். சாதாரண மிருது எஃகு 25 கிலோவை ஒட்டி மடங்கத் தொடங்கும். அதாவது தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு. பக்கத்துக் கால்கள் ஓரளவு பங்கு போட்டுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரு பாரத்தை மெல்ல வைப்பதற்கும், தொட்ட நிலையில் சட்டென்று விடுவதற்கும் விளைவில் இரண்டு மடங்கு வேறுபாடு உண்டு. உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கும் மேலே போகும். பங்குபோட்டுக் குறைந்தது அதில் திரும்ப வந்துவிடுகிறது. நண்பரின் வண்டியில் கால்கள் மடங்கியதில் வியப்பே இல்லை. மடங்காமல் இருந்திருந்தால்தான் வியக்க வேண்டும்.

இப்போது அதே காலை 75-க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள, 4 மில்லிமீட்டர் கனப் பெட்டிக்குழாயில் செய்து, 75 மில்லிமீட்டர் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். அதே பாரத்துக்கு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 13 கிலோவை ஒட்டி நின்றுவிடுகிறது. சட்டென்று விழுந்ததற்காக இரட்டித்தாலும் 26 அல்லது 27. ஒரே கால் எல்லாவற்றையும் சுமக்கிறது என்ற மிகக் கடுமையான நிலையிலும் மடங்கும் எல்லையைத் தொட்டு நிற்கிறது. பக்கத்துக் கால் கொஞ்சம் கைகொடுத்தால் தப்பிவிடும். இதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு? பக்கத்துக்கு மூன்று கால்கள், ஒவ்வொன்றும் கால் மீட்டர். மீட்டருக்கு மூன்றரைக் கிலோவாக இருந்தது ஏழேகால் கிலோவாகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று கிலோ கூடுகிறது, அவ்வளவுதான். ஸ்லைடரில் போடும் வேறு எந்த மூன்று கிலோ இரும்பும் இவ்வளவு பலனைத் தராது.

எல்லாரும் தட்டிப் பார்க்கும் நெடுங்குழாய்க்கும் இதே கணக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 48 மில்லிமீட்டர் குழாயின் கனத்தை 3.2-லிருந்து 4-க்கு ஏற்றினால் எடை 23 விழுக்காடு கூடும், வளைவைத் தாங்கும் வலு 19 விழுக்காடு கூடும். கனத்தை அப்படியே விட்டு விட்டத்தை 60 மில்லிமீட்டருக்கு ஏற்றினால் எடை 27 விழுக்காடு கூடும், வலுவோ 62 விழுக்காடு உயரும். அகலமான குழாயே லாபம். அதற்காகக் கனத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடவும் கூடாது. கல்லின் கூர் படும் இடத்தில் மெல்லிய சுவர் குழிந்துவிடும். குழிந்த குழாய் அந்த இடத்தில் எளிதில் ஒடியும். 60 மில்லிமீட்டர் விட்டம், 3.2-லிருந்து 4 வரை கனம் என்பது நம் வேலைக்குச் சரியான இடம். "ஆறு மில்லி போட்டுத் தரேன் அண்ணே" என்று பெருமையோடு சொல்பவரிடம், அந்தக் கனத்தைக் கால்களில் போடச் சொல்ல வேண்டும்.

கால் வலுவாக இருந்தால் போதுமா என்று கேட்டால், அங்கேதான் அடுத்த சிக்கல் நிற்கிறது. கால் மடங்காவிட்டால் அது வாங்கிய முறுக்கு எங்கே போகும்? சேசிஸின் பக்கச் சுவருக்கு. ஸ்லைடரின் வெளிமுனை மேலே தள்ளப்படும்போது, காலை மாட்டியிருக்கும் பிளேட்டின் கீழ்விளிம்பு சேசிஸைவிட்டுப் பிரியப் பார்க்கும், மேல்விளிம்பு சுவரை உள்ளே அழுத்தும். நாம் எடுத்த எடுத்துக்காட்டில், பிளேட் 100 மில்லிமீட்டர் உயரம் என்றால் இந்த இழுப்பும் அழுத்தமும் தலா இரண்டரை டன். 150 மில்லிமீட்டர் என்றால் ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைவு. போல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், 8.8 தரமுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றே ஏறக்குறைய 5 டன் இழுவையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். சில மில்லிமீட்டர் கனமே உள்ள சேசிஸ் சுவர்தான் அங்கே பலவீனம். நண்பரின் வண்டியில் மடங்கியது கால், சேசிஸ் தப்பியது. அந்த அளவுக்கு அந்த மோசமான ஸ்லைடர்கூட ஒரு நன்மை செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிய பிளேட்டில் மிக வலுவான காலைப் பற்றவைத்திருந்தால் சேசிஸ் சுவரே கிழிந்திருக்கலாம், வண்டியின் ஆயுளே அங்கே முடிந்திருக்கலாம்.

ஆகவே பிளேட் சேசிஸின் உயரம் முழுவதையும் அணைத்து நிற்க வேண்டும். கனம் 6 மில்லிமீட்டர். காலும் பிளேட்டும் சேரும் மூலையில் முக்கோணத் தகடு. சேசிஸில் தொழிற்சாலை விட்ட துளைகளைப் பயன்படுத்தினால் மிகச் சிறப்பு. யு-போல்ட் போட்டு இறுக்கும் வகையில், சேசிஸின் மறுபக்கத்திலும் அதே அளவு பிளேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வெறும் யு-போல்ட் சேசிஸ் பெட்டியின் மூலைகளை நசுக்கும்; நசுங்க நசுங்கப் பிடி தளரும்.

இங்கே பட்டறைக்காரர்களோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் பற்றவைப்புக் கலை ஈயச் சுரங்கங்களோடு வளர்ந்தது. 1938-இல் கட்டிய, ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. எடை 4,500 டன். அப்படிப்பட்ட எந்திரங்களுக்கு வாளியும் பல்லும் சங்கிலியும் பழுதுபார்த்த தலைமுறையின் கைத்திறன், 1985-இல் ஈயவிலை சரிந்த பிறகும் நம் பட்டறைகளில் தங்கியிருக்கிறது. மெங்லெம்புவில் ஒரு பட்டறைத் தவுக்கே என்னிடம் அழுத்தமாகச் சொன்னார்: "போல்ட் வேணாம், சேசிஸிலேயே வெல்டிங் அடிச்சிடுவோம், பத்து வருசம் ஆனாலும் அசையாது." அவர் போடும் வெல்டிங் வரியை நான் பார்த்திருக்கிறேன், மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக இருக்கும். அவர் கையை நான் முழுமையாக நம்புகிறேன். சேசிஸின் இரும்பைத்தான் நம்பவில்லை.

இன்றைய பிக்கப்புகளின் சேசிஸில் பழைய லோரிச் சட்டங்களைவிட மெல்லிய, வலுவேற்றிய எஃகு இருக்கிறது. பற்றவைக்கும் சூடு வரிக்குப் பக்கத்திலுள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடும்; ஆண்டுக்கணக்கில் குலுங்கும் சட்டத்தில் விரிசல் அந்த ஓரத்தில்தான் பிறக்கும். பெட்டிக்குள்ளே தொழிற்சாலை பூசிய பூச்சு எரிந்துபோகும். வெளியே எத்தனை முறை சாயம் அடித்தாலும் உள்ளே கை எட்டாது. பேராக்கின் மழையில் அந்தத் துரு வேகமாக வேலை செய்யும். கட்டமைப்பில் செய்யும் மாற்றங்களுக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்; சேசிஸில் புதிதாக வெல்டிங் போட்ட வண்டி, விற்கும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையில் கேள்விகளைச் சந்திக்கலாம். போல்ட் போட்டதைக் கழற்றிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மடங்கிய காலை மாற்ற வேண்டி வந்தால் போல்ட்டைக் கழற்றினால் முடிந்தது. வெல்டிங்கை வெட்டி எடுத்தால் சேசிஸுக்கு இரண்டாம் முறையும் சூடு. தடித்த சட்டமுள்ள பழைய வண்டிகளுக்குத் தவுக்கே சொல்வது பொருந்தும். அங்கே அவரோடு சண்டையில்லை. ஹைலக்ஸ், டிரைட்டன், ஜிம்னி ஆகியவற்றுக்கு என் தீர்ப்பு போல்ட்டின் பக்கம்.

ஸ்லைடர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பலர் அழகுக்காகத் தீர்மானிக்கிறார்கள். கொஞ்சம் கீழே இறக்கினால் ஏற வசதி, பார்வைக்கும் கம்பீரம். செம்பனைத் தோட்டத்து மண்மேட்டில் அந்தக் கம்பீரம் தட்டும். ஹைலக்ஸின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 3,085 மில்லிமீட்டர். நடுவில் தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அது தட்டாமல் தாண்டக்கூடிய முகட்டின் கோணம் ஏறக்குறைய 22 பாகை. ஸ்லைடர் 50 மில்லிமீட்டர் தாழ்ந்தால் கோணம் 18-ஐச் சற்றே தாண்டும். சக்கர இடைவெளி 2,250 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஜிம்னியில் இதே 50 மில்லிமீட்டர் கோணத்தை 30-லிருந்து 25-க்கு இறக்கும். ஆனால் அந்த 25-கூட ஹைலக்ஸ் எதையும் மாட்டாமல் வைத்திருந்ததைவிட அதிகம். நீண்ட வண்டிக்காரர்தான் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் எண்ண வேண்டும். டபுள்-கேப் வைத்திருப்பவர் கதவடி விளிம்பை ஒட்டி மேலே ஏற்றிய ஸ்லைடரையே எடுக்கட்டும். அம்மாவால் ஏற முடியவில்லை என்றால் கைப்பிடி ஒன்று மாட்டலாம், சின்னப் படிக்கட்டு ஒன்று வண்டியில் வைக்கலாம்.

ஒட்டி என்றால் தொட்டு என்று பொருளில்லை. கேபின் ரப்பர் மெத்தைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது; சேசிஸ் முறுகும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். இடையில் 20, 25 மில்லிமீட்டர் விட வேண்டும். இல்லாவிட்டால் கல்லே இல்லாத இடத்தில்கூட ஸ்லைடர் விளிம்பை உரசும். நம் ஊரில் இந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு: செம்மண். ஒரு தடவை காட்டுக்குப் போய்வந்தால் ஸ்லைடருக்கும் விளிம்புக்கும் நடுவே ஈரமண் அப்பிக்கொள்ளும். வாரக்கணக்கில் காயாது. தண்ணீர்க் குழாயின் முனை நுழைந்து அதைக் கழுவ வழி இருக்க வேண்டும். கால் நழுவாமல் இருக்கவென்று ஸ்லைடரின் மேல்முகத்தை முழுத் தகட்டால் மூடி விற்பதை நான் இதனாலேயே ஒதுக்குகிறேன். துளையிட்ட தகடு என்றால் பாதகமில்லை.

துருவைப் பற்றிப் பேசும்போது பூச்சையும் சொல்லிவிட வேண்டும். பவுடர் கோட்டிங் கடையில் கண்ணைப் பறிக்கும். முதல் கல்லில் ஒரு சில்லு பெயரும். அந்த வழியாக ஈரம் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும், மேலே பளபளப்பு மாறாமல் உள்ளே துரு படரும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறை நன்று. ஆனால் மூடிய குழாயைத் துளையில்லாமல் 450 பாகைத் தொட்டிக்குள் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும். முதலிலேயே துளைகளைத் திட்டமிட்டிருக்க வேண்டும். பட்டறையில் அடிப்பதற்கு என் தேர்வு எளியது: துத்தநாகம் கலந்த அடிச்சாயம், மேலே சாதாரணக் கறுப்பு. உரிந்த இடத்தைத் தேய்த்து நாமே தூரிகையால் பூசிக்கொள்ளலாம். எந்தப் பூச்சானாலும் குழாயின் இரு முனைகளையும் மூடி, அடியில் வடிதுளை விட்டிருக்கிறார்களா என்று தடவிப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் தேங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் வேலை செய்யும்.

அலுமினியத்தைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கருங்கல்லில் எஃகு வழுக்கும் இடத்தில் அது கீறிக்கொண்டு பிடித்துக்கொள்கிறது. பற்றவைத்த இடத்தில் வலுவை இழக்கிறது. எஃகுச் சேசிஸோடு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு தொடங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐம்பது கிலோ எஃகு என்பது ஒரு பெரிய அரிசி மூட்டை. பிக்கப்புக்கு அது பொருட்டில்லை. 1,100 கிலோ எடையுள்ள ஜிம்னிக்குப் பொருட்டுதான். அதற்கு 48 மில்லிமீட்டர் குழாயே போதும், சுமக்க வேண்டிய பாரமும் ஏறக்குறைய பாதி. காலை மட்டும் பெட்டிக்குழாயிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்முனையை வெளியே வளைத்து விடும் வகை உண்டு. மரத்தை ஒட்டித் திரும்பும்போது அந்த வளைவு வண்டியின் பின்பக்கத்தை மரத்திலிருந்து தள்ளிவிடும். பால்மரக் காட்டிலும் பழைய மரச்சடக்கிலும் நான் இதன் பயனைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் ஸ்லைடர் கதவைவிட நாலைந்து சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் மரத்துக்கும் கதவுக்கும் நடுவே அது வரும். மேலே சற்றுச் சாய்ந்த கால்கள் இருந்தால் வண்டி பக்கவாட்டில் சாயும்போது பாதுகாப்புக் கூடும். சேற்றில் ஹைலிஃப்ட் ஜேக் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாய்ந்த உருளைக் குழாயில் ஜேக்கின் நாக்கு வழுக்கும். அதற்கென்று ஒரு காதோ பள்ளமோ வைத்துத் தரச் சொல்லுங்கள். வைக்காவிட்டால் அந்த ஜேக்கை ஸ்லைடரில் போடாதீர்கள். வழுக்கி விழும் வண்டிக்கடியில் கை போனவர்களின் கதை இந்த வட்டாரத்தில் புதிதில்லை.

இனி ஒவ்வொன்றாகத் தீர்ப்பு. அலங்கார சைட் ஸ்டெப்பை வலுவான காப்பு என்று நம்பி ஓடைக்குள் இறங்குவது, எதுவும் மாட்டாமல் இறங்குவதைவிட மோசம். அதைக் கழற்றிவிட்டுப் போங்கள். சேசிஸ் தனியாக இல்லாத வண்டிகளுக்கு, மெல்லிய அடித்தகட்டில் போல்ட் போட்டுத் தரும் ஸ்லைடர்களையும் நான் அப்படியே நிராகரிக்கிறேன்; பாரத்தைக் கொண்டுசேர்க்க அங்கே இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து குறிப்பிட்ட மாடலுக்கென்றே அளந்து வரும் போல்ட் வகைகளில் நல்லவை உண்டு. துளைக்குத் துளை பொருந்துவதும் பக்கக் காற்றுப்பைகளின் உணர்கருவிகளைக் கருதிச் செய்திருப்பதும் அவற்றின் பெரிய பலம். புது வண்டியை உத்தரவாதத்தோடு வைத்திருப்பவர் கூடுதல் பணம் கொடுத்து அதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கால் பெட்டிக்குழாயா, பிளேட் சேசிஸின் முழு உயரமா என்ற இரண்டு கேள்விகளில் அவற்றிலும் சில தோற்கின்றன என்பதால் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம்; படுத்துப் பார்த்து வாங்குங்கள்.

உத்தரவாதக் காலம் தாண்டிய பிக்கப்பில் ஓராங் அஸ்லி கிராமங்களுக்கும் மலையடிவாரத்துக்கும் அடிக்கடி போகிறவருக்கு, நம் ஊர்ப் பட்டறையில் போல்ட் வகையாக அடிக்கச் செய்வதையே முதலிடத்தில் வைக்கிறேன். வடிவத்தை நாம் சொல்ல வேண்டும், வெல்டிங்கை அவர்கள் கையில் விட வேண்டும். இறக்குமதிப் பொருளில் கால் மடங்கினால் உதிரி வர வாரக்கணக்காகும். இங்கே அடித்ததற்கு மறுநாளே கால் கிடைக்கும். தோட்டத்துச் சடக்கில் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு ஸ்லைடரே வேண்டாம் என்பேன். அந்தப் பணத்துக்கு நல்ல மண்சடக்கு டயரும், முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கியும் போடலாம். ஓடைக்குள் மாட்டியபோது எங்களைக் கரையேற்றியது கொக்கிதான்.

நண்பரின் ஹைலக்ஸுக்குக் கதவடி விளிம்பை வெட்டி மாற்றிய பிறகு, அதே மெங்லெம்பு தவுக்கேயிடம் போனோம். போல்ட் என்றதும் முதலில் முகம் சுளித்தார். சேசிஸுக்கு அடியில் படுத்துத் துளைகளை அட்டையில் படி எடுத்தார். எழுந்து வந்து, "பிளேட்டை இன்னும் ரெண்டு விரல் மேலே ஏத்தலாம், அங்கே இன்னொரு ஓட்டை இருக்கு" என்றார். பக்கத்துக்கு மூன்று பெட்டிக்கால், 60 மில்லிமீட்டர் குழாய், 24 போல்ட்டுகள். முதல் பயணம் முடித்து லாசாஹில் தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தி, வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குச் சாவியால் சோதித்தோம். இரண்டு மட்டும் கால் சுற்று இறங்கின. இடப்பக்க நடுக்காலுக்கு நேர்கீழே குழாயில் ஒரு விரல் நீளத்துக்குப் புதுக் கீறல். கதவைத் திறந்து பார்த்தார் நண்பர், திறந்தது.